தானியங்கிக் காப்பு நகல்: அலுவலகக் கணினிக் கோப்புகளைக் காத்த முறைகளின் வரலாறு

தானியங்கிக் காப்பு நகல் என்பது கணினியில் உள்ள கோப்புகளைக் குறித்த நேரத்தில், யாரும் நினைவு வைத்துச் செய்யத் தேவையின்றி, வேறோர் இடத்தில் கணினியே நகலெடுத்து வைக்கும் முறையாகும். அலுவலகப் பேச்சில் இதனைச் சுருக்கமாக 'பேக்கப்' என்பர். இன்று எந்த அலுவலகக் கணினியிலும் சில நிமிடங்களில் இதை அமைத்துவிடலாம். ஆனால் இந்த எளிமையை அடைய ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

இந்த வரலாற்றில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, நகல் எடுப்பது. மற்றொன்று, எடுத்த நகலிலிருந்து கோப்பைத் திரும்பப் பெற முடியுமா என்று பார்ப்பது. முதல் வேலை படிப்படியாக மனிதரின் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது வேலை பெரும்பாலும் மனிதரிடமே தங்கிவிட்டது. பெரிய இழப்புகள் பலவும் இந்த இரண்டாவது வேலையை யாரும் செய்யாத இடத்திலேயே நிகழ்ந்தன.

காகிதக் காலம்

கணினிக்கு முன்பும் அலுவலகங்கள் நகல் வைத்திருந்தன. தட்டச்சு செய்யும்போது கார்பன் தாள் வைத்து இரண்டாம் படி எடுத்தனர். பெரிய நிறுவனங்கள் முக்கியமான ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்து வைத்தன. நகலை வேறு ஊரில் வைக்க வேண்டும் என்ற எண்ணமும் அப்போதே தோன்றிவிட்டது. அணுகுண்டு அச்சம் நிலவிய 1951ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், காளான் வளர்க்கப் பயன்பட்டு வந்த ஒரு பழைய இரும்புச் சுரங்கம் ஆவணக் காப்பிடமாக மாற்றப்பட்டது. அந்த நிறுவனமே பிற்காலத்தில் அயர்ன் மவுண்டன் என்ற பெயரில் உலகெங்கும் வளர்ந்தது.

நகல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காகிதக் காலத்திலேயே பெரிய சான்று உண்டு. 1973ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. முன்னாள் படைவீரர்களின் பணிப் பதிவேடுகள் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரை அழிந்தன. அவற்றுக்கு வேறு படியும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. ஓய்வூதியமும் மருத்துவ உதவியும் கேட்டு வந்தவர்களின் பணிக்காலத்தை வேறு துறைகளின் ஆவணங்களைத் தேடிச் சேர்த்து நிறுவ வேண்டியதாயிற்று. ஒரே ஒரு படி மட்டும் இருக்கும் ஆவணம் எவ்வளவு பெரிய கட்டடத்தில் இருந்தாலும் அதற்குப் பாதுகாப்பு இல்லை என்பதை இந்த நிகழ்வு காட்டியது.

காந்த நாடாவும் மூன்று தலைமுறை முறையும்

1951ஆம் ஆண்டில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்கு வழங்கப்பட்ட யூனிவாக் கணினி, தரவுகளைக் காந்த நாடாவில் சேமித்தது. அடுத்த ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனமும் தன் நாடாக் கருவியை அறிமுகம் செய்தது. அதுவரை அட்டைகளில் துளையிட்டுச் சேமிக்கப்பட்ட கணக்குகள் மெல்ல மெல்ல நாடாவுக்கு மாறின.

நாடாவில் வேலை நடந்த விதத்தைச் சற்று விளக்கமாகப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்கு ஒரு நாடாவில் இருக்கும். அந்த வாரத்து மாற்றங்கள் இன்னொரு நாடாவில் இருக்கும். கணினி இரண்டையும் வரிசையாகப் படித்து, திருத்திய கணக்கை மூன்றாவது நாடாவில் புதிதாக எழுதும். பழைய நாடாவில் எதுவும் அழியாது. எனவே வாரந்தோறும் ஒரு புதிய நாடா பிறக்கும்போது, பழையது தானாகவே காப்பு நகல் ஆகிவிடும். புதிய நாடா கெட்டுப்போனால், பழைய நாடாவையும் மாற்றங்கள் அடங்கிய நாடாவையும் வைத்து மறுபடி உருவாக்கிவிடலாம்.

இவ்வாறு மூன்று தலைமுறை நாடாக்களை வைத்திருப்பது வழக்கமாயிற்று. இதற்குத் 'தாத்தா, தந்தை, மகன்' முறை என்று பெயர். மகன் இன்றைய கணக்கு, தந்தை சென்ற முறை எழுதியது, தாத்தா அதற்கும் முந்தையது. புதிய மகன் பிறந்ததும் மிகப் பழைய நாடா மறுபயன்பாட்டுக்குப் போகும். பிற்காலத்தில் இப்பெயர் நாள், வாரம், மாதம் என்ற மூவகை நகல்களையும் குறிக்கலாயிற்று.

தவறுதலாக ஒரு நாடாவின் மேல் எழுதிவிடாமல் தடுக்கவும் எளிய ஏற்பாடு இருந்தது. நாடாச் சுருளின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையம் பொருத்தப்படும். வளையம் இருந்தால்தான் எழுத முடியும். அதைக் கழற்றிவிட்டால் படிக்க மட்டுமே முடியும். நகலைக் காப்பது என்பது, அதை யாரும், எந்த நிரலும் மாற்ற முடியாதபடி வைப்பதும்தான் என்ற கருத்து இந்தச் சிறு வளையத்தில் இருந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே கருத்து மீண்டும் முக்கியமாயிற்று.

வன்தட்டு கொண்டுவந்த சிக்கல்

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற கணினியோடு உலகின் முதல் வணிக வன்தட்டை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். நாடாவைத் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. வேண்டிய கணக்கை நேரடியாக எடுத்து, அங்கேயே திருத்திவிடலாம்.

இந்த வசதியே ஒரு புதிய ஆபத்தையும் கொண்டுவந்தது. நாடாவில் திருத்தினால் பழையது மிஞ்சும். வன்தட்டில் திருத்தினால் பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். ஒரு பிழையான கட்டளை நேற்றைய சரியான கணக்கை அழித்துவிடும். எனவே இயல்பாகக் கிடைத்துவந்த காப்பு நகல் வன்தட்டுக் காலத்தில் நின்றுபோனது. அதைத் தனி வேலையாக, ஒருவர் நினைவு வைத்துச் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு வேலை மனிதரின் நினைவை நம்பி நிற்கும்போது, அது ஒரு நாள் விடுபட்டுப்போகும். நேரம் குறித்துத் தானாக இயங்கும் காப்பு நகலின் தேவை இங்குதான் பிறந்தது.

பகிர்நேரக் கணினிகள்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவருடைய குழுவினரும், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் பகிர்நேர முறையை உருவாக்கினர. பல பேருடைய கோப்புகள் ஒரே வன்தட்டில் சேர்ந்தன. தட்டு பழுதானால் எல்லாருடைய உழைப்பும் போய்விடும். அதே நேரத்தில் அவரவர் தத்தம் கோப்புகளை நாடாவில் எடுத்து வைப்பார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

அதே கழகம் பெல் ஆய்வகத்துடனும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துடனும் சேர்ந்து உருவாக்கிய மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான கோப்பு முறைமையை, ராபர்ட் டேலியும் பீட்டர் நியூமனும் 1965இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விவரித்தனர். காப்பு நகலும் மீட்பும் அக்கட்டுரையில் கோப்பு முறைமையின் ஒரு பகுதியாகவே பேசப்பட்டன. அன்றுமுதல் இரு சொற்கள் நிலைபெற்றன எனலாம். எல்லாக் கோப்புகளையும் எடுப்பது முழு நகல். கடைசியாக எடுத்த நகலுக்குப் பின் மாறிய கோப்புகளை மட்டும் எடுப்பது மாற்ற நகல். மாற்ற நகலுக்குச் சிறிது நேரமே ஆகும் என்பதால், பயனர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பின்னணியில் ஒரு நிரல் அதைச் செய்ய முடிந்தது. நகலெடுப்பது பயனரின் கடமையிலிருந்து கணினியின் கடமையாக மாறியது இங்குதான்.

யூனிக்ஸும் கிரானும்

மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகிய பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969 முதல் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கினர். 1979ஆம் ஆண்டில் வெளியான அதன் ஏழாம் பதிப்பில் மூன்று சிறு நிரல்கள் ஒன்றாக இருந்தன. அவை டம்ப், டார், கிரான்.

டம்ப் என்பது முழு வன்தட்டையும் நாடாவுக்கு எடுக்கும் நிரல். இதில் 0 முதல் 9 வரை நிலைகள் உண்டு. 0 என்றால் அனைத்தும். 1 என்றால், கடைசியாக 0 நிலையில் எடுத்ததற்குப் பின் மாறியவை. இப்படி ஒவ்வொரு நிலையும் தன்னைவிடக் குறைந்த நிலையில் கடைசியாக எடுத்த நகலோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் எடுக்கும். டார் என்பது பல கோப்புகளைச் சேர்த்து ஒரே தொகுப்பாக்கும் நிரல். நாடா ஆவணத் தொகுப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அதன் பெயர். நாடாவைப் பார்த்தறியாத இன்றைய மாணவர்களும் இந்நிரலைப் பயன்படுத்துகின்றனர்.

கிரான் நகலெடுக்கும் நிரல் அன்று. அது வெறும் கடிகாரம் பார்க்கும் நிரல். நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, ஒரு பட்டியலைப் படித்து, அந்த நிமிடத்துக்கு உரிய கட்டளை இருந்தால் இயக்கிவிட்டு மறுபடி உறங்கும். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து குறிப்புகள் இருக்கும். எடுத்துக்காட்டாக

30 18 * * 1-5

என்று எழுதினால், திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6.30 மணிக்கு என்று பொருள். விண்மீன் குறி 'எதுவாயினும்' என்பதைக் குறிக்கும். இதன் பின்னால் நகலெடுக்கும் கட்டளையை எழுதிவிட்டால் போதும். 1987ஆம் ஆண்டில் பால் விக்சி எழுதிய கிரான் பதிப்பு பெரிதும் பரவியது. இன்றும் இந்த ஐந்து குறிப்பு முறை மாறவில்லை.

நகலெடுப்பதற்கு ஒரு நிரல், நேரம் பார்ப்பதற்கு ஒரு நிரல் என்ற இந்தப் பிரிவினை, பின்னர் வந்த பல இயங்குதளங்களிலும் தொடர்ந்தது.

மேசைக் கணினியும் பிளாப்பிக் கட்டும்

பெருங்கணினி மையங்களில் இந்த வேலையைக் கவனிக்கத் தனி ஊழியர்கள் இருந்தனர். 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். தனிக்கணினி வந்தபின், கணினி எழுத்தரின் மேசைக்கே வந்தது. அதோடு நகலெடுக்கும் பொறுப்பும் அந்த எழுத்தரிடமே வந்து சேர்ந்தது.

1983ஆம் ஆண்டில் வந்த எக்ஸ்.டி. வகைக் கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. அதனோடு வந்த டாஸ் 2.0 இயங்குதளத்தில் 'பேக்கப்', 'ரீஸ்டோர்' என்ற இரு கட்டளைகள் இருந்தன. அன்றைய பிளாப்பியின் கொள்ளளவு 360 கிலோபைட். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மெகாபைட் என்பது 10,240 கிலோபைட். அதை 360ஆல் வகுத்தால் 28.4 வரும். அதாவது வன்தட்டு நிறைந்திருந்தால், முழு நகலெடுக்க 29 பிளாப்பிகள் தேவை. ஒவ்வொன்றாகச் செருகி, காத்திருந்து, எடுத்து, எண் எழுதி வைக்க வேண்டும். அவற்றுள் ஒன்று கெட்டுவிட்டாலும் அதிலிருந்த கோப்புகள் போய்விடும்.

இந்தச் சுமையைக் குறைக்க ஒரு நல்ல உத்தி டாஸில் இருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. கோப்பு மாறினால் குறி ஏறும், நகலெடுத்ததும் குறி இறங்கும். அடுத்த முறை குறி ஏறியவற்றை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் டாஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்யும். பின்னணியில் கடிகாரம் பார்த்துத் தானாக நகலெடுக்கும் வசதி அதனோடு வரவில்லை. யாரேனும் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலையில் பேருந்துக்குப் போகும் முன் உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டியிருந்தது. பெருங்கணினிகளில் 1960களில் தீர்ந்துவிட்ட சிக்கல், மேசைக் கணினியில் 1980களில் மீண்டும் புதிதாகத் தொடங்கியது.

வலையமைப்பில் இணைந்த கணினிகள்

அலுவலகக் கணினிகள் கம்பியால் இணைக்கப்பட்டபோது இதற்கு வழி பிறந்தது. ஒவ்வொரு மேசையிலும் நாடாக் கருவி வைக்கத் தேவையில்லை. இரவில் ஒரு மையக் கணினி எல்லாக் கணினிகளிலிருந்தும் மாறிய கோப்புகளை இழுத்து ஒரே நாடாவில் எழுதலாம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவான அமண்டா என்ற மென்பொருள் இதைத்தான் செய்தது. எந்தக் கணினிக்கு இன்று முழு நகல், எதற்கு மாற்ற நகல் என்பதை அதுவே திட்டமிடும். இரவு வேலை தொடங்கும் முன்பே சரியான நாடா கருவியில் உள்ளதா என்று சோதித்து, இல்லாவிட்டால் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் அதில் இருந்தது. வேலை முடிந்ததும் அறிக்கை அனுப்பும். தானாக இயங்கும் ஒன்று, தான் இயங்கியதா என்பதையும் தானே சொல்ல வேண்டும் என்பதை அதை உருவாக்கியவர்கள் உணர்ந்திருந்தனர்.

1996ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகிய இருவரும் ஆர்சிங்க் என்ற நிரலை வெளியிட்டனர். ஒரு பெரிய கோப்பில் ஒரு பகுதி மட்டும் மாறியிருந்தால், அந்தப் பகுதியை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும் திறமை அதற்கு உண்டு. வேகம் குறைந்த தொலைபேசி இணைப்பு வழியாகவும் வேறு ஊருக்கு நகல் அனுப்ப இதனால் முடிந்தது.

அலுவலகக் கணினிக்கே உரிய மற்றொரு சிக்கலும் இருந்தது. கிரான் போன்ற நிரல்கள் நாள் முழுவதும் ஓடும் கணினிக்காக எழுதப்பட்டவை. அலுவலகக் கணினியோ மாலையில் அணைக்கப்படும். இரவு 2 மணிக்கு நகல் என்று குறித்துவிட்டு, 6 மணிக்கே கணினியை அணைத்துவிட்டுப் போனால் நகல் ஒருபோதும் நடக்காது. லினக்ஸ் கணினிகளில் அனாக்ரான் என்ற நிரல் இதற்காகவே வந்தது. அது மணியைப் பார்ப்பதில்லை, கடைசியாகச் செய்து எத்தனை நாளாயிற்று என்று பார்க்கும். நாள் கடந்திருந்தால் கணினி இயங்கத் தொடங்கிய சற்று நேரத்தில் வேலையை முடிக்கும்.

விண்டோஸும் மேக்கும்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்.டி. 1993இல் வந்தபோது, நாடாவில் நகலெடுக்கும் நிரலும், நேரம் குறித்துக் கட்டளை இயக்கும் சேவையும் அதில் இருந்தன. 1995இல் விண்டோஸ் 95க்குத் தனியாக விற்கப்பட்ட பிளஸ் தொகுப்பில் சிஸ்டம் ஏஜென்ட் என்ற நிரல் வந்தது. அதுவே விண்டோஸ் 98இல் டாஸ்க் ஷெட்யூலர் என்ற பெயரில் இயங்குதளத்தோடு சேர்ந்தது. இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

திறந்திருக்கும் கோப்பை நகலெடுக்க முடியாது என்பது நீண்டநாள் தொல்லையாக இருந்தது. கணக்கு மென்பொருளை மூடாமல் போய்விட்டால், அன்றைய கணக்குக் கோப்பு நகலில் விடுபட்டுவிடும். விண்டோஸ் எக்ஸ்.பி., சர்வர் 2003 ஆகியவற்றோடு வந்த நிழல் நகல் வசதி, ஒரு கணத்தில் வன்தட்டு இருந்த நிலையை அப்படியே பிடித்து, அதிலிருந்து நகலெடுக்க வழி செய்தது.

2007ஆம் ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் டைம் மெஷினை வெளியிட்டது. வெளி வன்தட்டு ஒன்றைச் செருகினால், இதைக் காப்பு நகலுக்குப் பயன்படுத்தலாமா என்று கணினியே கேட்கும். ஆம் என்றால் போதும். கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒரு நகல், கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒரு நகல், அதற்கு முன் வாரத்துக்கு ஒரு நகல் என அது வைத்திருக்கும். பழைய தாத்தா, தந்தை, மகன் முறையே புதிய உருவில் வந்ததை இங்குக் காணலாம். 2012இல் விண்டோஸ் 8இல் வந்த ஃபைல் ஹிஸ்டரியும் மணிக்கொரு முறை மாறிய கோப்புகளை எடுத்து வைக்கிறது.

இவ்வாறு முதல் வேலை முற்றிலும் இயந்திரத்தின் கைக்குப் போயிற்று.

இயங்குவதாக நம்பப்பட்ட நகல்கள்

1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' என்ற அசைவூட்டப் படத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. யாரோ இயக்கிய ஓர் அழிப்புக் கட்டளை, படத்தின் கோப்புகளை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கியது. பெரும்பகுதி போன பின்பே கணினி நிறுத்தப்பட்டது. காப்பு நகல் இருக்கிறதே என்று நாடாவிலிருந்து மீட்டுப் பார்த்தபோது, நகல்கள் சில வாரங்களாகவே சரியாக எடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துவந்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அதைப் போர்வை சுற்றிக் காரில் கொண்டுவந்து, பெரும்பகுதியை மீட்டனர். அது யாரும் திட்டமிட்டு வைத்த நகல் அன்று.

2017ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமிக்கும் கிட்லேப் தளத்தில், ஒரு பொறியாளர் களைப்பும் பரபரப்புமான நேரத்தில் தவறான கணினியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே மிஞ்சியது. தினமும் தானாக எடுக்கப்பட்டிருக்க வேண்டிய நகல்களைத் தேடினால், சேமிப்பிடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் ஒரு பதிப்பு, நகலெடுக்கும் நிரல் வேறொரு பழைய பதிப்பு. எனவே ஒவ்வொரு முறையும் வேலை தோல்வியில் முடிந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்த நகலே காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவுகள் திரும்பவில்லை. அந்நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் முழு அறிக்கையாக வெளியிட்டதால், இன்று இது மாணவர்கள் படிக்கும் பாடமாகிவிட்டது.

இரு நிகழ்விலும் தானியங்கி முறை அமைக்கப்பட்டிருந்தது. அது இயங்குகிறது என்று எல்லாரும் நம்பினர். மீட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பணயத் தீநிரல்களின் காலம்

தீயும் பழுதும் தவறும் மட்டுமே எதிரிகளாக இருந்த நிலை 2013ஆம் ஆண்டில் மாறியது. அவ்வாண்டு பரவிய கிரிப்டோலாக்கர் என்ற தீநிரல், கோப்புகளை மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. கணினியோடு இணைந்திருந்த வெளி வன்தட்டுகளையும் வலையமைப்பு இயக்ககங்களையும் அது விட்டுவைக்கவில்லை. 2017 மே மாதம் பரவிய வன்னாக்ரை ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. விண்டோஸின் நிழல் நகல்களையும் அது அழித்தது.

அடுத்த மாதமே நாட்பெட்யா என்ற தீநிரல் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் அந்நிறுவனம் புதிதாக நிறுவ நேர்ந்தது. பணியாளர்களின் நுழைவு அனுமதியைக் காக்கும் கணினிகள் உலகெங்கும் பல இடங்களில் இருந்தன. அவை ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன. ஆயினும் எல்லாம் ஒரே வலையமைப்பில் இணைந்திருந்ததால் ஒருசேர அழிந்தன. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இருந்த ஒரு கணினி மட்டும் தப்பியது. தாக்குதல் நேரத்தில் அங்கு மின்தடை ஏற்பட்டு, அது வலையமைப்பிலிருந்து விலகியிருந்தது. அந்த ஒரு கணினியிலிருந்து நிறுவனம் மீண்டெழுந்தது.

இதிலிருந்து ஒரு வேறுபாடு தெளிவாகிறது. எப்போதும் இணைந்திருந்து, மாற்றத்தை உடனுக்குடன் ஏற்றுக்கொள்வது பிரதிபலிப்பு. கண்ணாடி போல, மூலத்தில் வந்த கறை அதிலும் தெரியும். விலகியிருந்து, பழைய நிலையைக் காப்பதே காப்பு நகல். நாடாச் சுருளிலிருந்து வளையத்தைக் கழற்றிவைத்த பழைய ஊழியர்கள் செய்ததும் இதுவே.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதி இன்று எங்கும் ஏற்கப்பட்டுள்ளது. கோப்புக்கு 3 படிகள் வேண்டும், அவை 2 வகைச் சேமிப்புச் சாதனங்களில் இருக்க வேண்டும், அவற்றுள் 1 வேறு இடத்தில் இருக்க வேண்டும். 2011 முதல் மார்ச் 31ஆம் நாள் உலகக் காப்பு நகல் நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது.

இன்றைய அலுவலகக் கணினியில்

மேற்கண்ட வரலாற்றின் ஒவ்வொரு கட்டமும் இன்று ஒரு கணினியில் காப்பு நகலை அமைக்கும்போது ஒரு கேள்வியாக வருகிறது. விண்டோஸ் கணினியை எடுத்துக்கொள்வோம்.

முதலில், எதைக் காப்பது என்று முடிவு செய்ய வேண்டும். மென்பொருள்களை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். கடிதங்கள், கணக்குகள், பதிவேடுகள் திரும்ப வரா. அவற்றை ஒரே கோப்புறையின் கீழ் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, எங்கே வைப்பது. ஒரே வன்தட்டின் இன்னொரு பகுதியில் வைப்பது நகல் ஆகாது. தட்டு பழுதானால் இரண்டும் போகும். வெளி வன்தட்டில் ஒன்றும், வேறு கட்டடத்திலோ இணையச் சேமிப்பிலோ ஒன்றும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, எப்போது. டாஸ்க் ஷெட்யூலரில் புதிய பணியை உருவாக்கி, கணினி இயங்கும் நேரமாகப் பார்த்து, மதிய உணவு வேளை போன்ற ஒன்றைக் குறிக்கலாம். குறித்த நேரம் தவறினால் கணினி இயங்கியவுடன் வேலையைச் செய் என்ற விருப்பம் அதில் உண்டு. மின்தடை வரும் ஊர்களில் அதைத் தேர்ந்தெடுப்பது கட்டாயம்.

நான்காவது, எந்த நிரல். விண்டோஸ் விஸ்டா முதல் இயங்குதளத்தோடு வரும் ரோபோகாப்பி, மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கவல்லது. ஆனால் அதன் பிரதிபலிப்பு விருப்பத்தைக் கவனமாகக் கையாள வேண்டும். மூலத்தில் ஒரு கோப்பு தவறுதலாக அழிக்கப்பட்டால், அடுத்த முறை நகலிலும் அதை அழித்துவிடும். பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் ஃபைல் ஹிஸ்டரி போன்றதே பொது அலுவலகத்துக்கு ஏற்றது.

ஐந்தாவது, நகல் முடிந்ததும் வன்தட்டைக் கழற்றி வைக்க வேண்டும். இரண்டு வன்தட்டுகளை வாரத்துக்கு ஒன்றாக மாற்றிப் பயன்படுத்தினால், எப்போதும் ஒன்று விலகியே இருக்கும்.

ஆறாவதும் கடைசியுமானது, மீட்டுப் பார்ப்பது. மாதம் ஒருமுறை, ஏதேனும் மூன்று கோப்புகளை நகலிலிருந்து எடுத்து, வேறு கோப்புறையில் வைத்துத் திறந்து படிக்க வேண்டும். தேதி சரியா, உள்ளடக்கம் முழுமையா என்று பார்க்க வேண்டும். பார்த்தவர் பெயரையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நன்று. பத்து நிமிட வேலைதான்.

முடிவுரை

காந்த நாடாவிலிருந்து இணையச் சேமிப்பு வரை வந்த மாற்றங்கள் அனைத்தும் மனிதரின் மறதிக்கு மாற்றுத் தேடியவையே. அந்தத் தேடல் வெற்றி பெற்றது. எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதை இனி யாரும் நினைவு வைக்க வேண்டியதில்லை. ஆனால் தானாக நடக்கும் வேலையை யாரும் பார்ப்பதில்லை என்பதால், அது நின்றுபோனாலும் தெரிவதில்லை. பிக்சாரிலும் கிட்லேப்பிலும் நடந்தது இதுவே. எனவே ஓர் அலுவலகத்தில் காப்பு நகல் இருக்கிறதா என்று கேட்பதைவிட, அதிலிருந்து கடைசியாக ஒரு கோப்பை மீட்டுப் பார்த்தது என்றைக்கு என்று கேட்பதே சரியான கேள்வியாகும்.